நாலு பேர் என்று புக் செய்து ஒன்பது பேர் வந்தால்: விதி மீறும் கெஸ்ட்டுகளை அறிகுறி பார்த்துக் கையாளும் முறை

கொடைக்கானலில் வில்பட்டி போகும் வழியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை காட்டேஜ் ஒன்று இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீடு அதற்குப் பத்துப் படி மேலே. பகலில் கேர்டேக்கர் அண்ணனும் அவர் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள், இரவில் நான். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், முகங்கள்தான் மாறுகின்றன, தொல்லைகள் அதே ஏழெட்டுதான்.

சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கும் தாளைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விஷயம் முடிந்துவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

எதைப் பேசினாலும் பேசி முடித்ததும் அதையே ஒரு வரி மெசேஜாக அனுப்புங்கள். புக்கிங் செயலி வழியாக வந்தவர் என்றால் செயலிக்குள்ளேயே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல. "இப்போது போனில் சொன்னபடி, பத்து மணிக்கு மேல் வெளியில் பாட்டு வேண்டாம்" என்று எழுதினால் போதும். பிறகு சண்டை வந்தால் பேசுவது அந்த வரிதான்.

இரவில் கதவைத் தட்டப் போனால் தனியாகப் போகாதீர்கள். குடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாசற்படியைத் தாண்டாதீர்கள்.

அவர்கள் பையைத் தொடாதீர்கள். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள், வெளியே பூட்டு போடாதீர்கள். கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்கினால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்தப் பக்கம் போய்விடும். ஒரு முறை மெயினை அணைத்து நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார வைத்தார்கள்" என்ற ரிவ்யூ இன்னும் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை இருந்தது உண்மைதான். பாட்டு அலறியதும் உண்மைதான், ஆனால் அது ரிவ்யூவில் இல்லை.

## அறிகுறி 1: சொன்னதைவிட அதிக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்

இதற்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன். மற்ற முக்கால்வாசித் தொல்லைகள் இதிலிருந்துதான் கிளை விடுகின்றன.

### காரணம்: பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை

நம் ஊரில் நாலு பேர் என்றால் நாலு பெரியவர்கள். மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளையும், பாட்டியை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் பிள்ளையும் கணக்கிலேயே வராது. இதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் நல்ல குடும்பத்தோடு வீணாக மல்லுக்கு நிற்பீர்கள். புக்கிங் வந்ததும் "எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள். "பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்னென்ன வயது?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றியதிலேயே எனக்குப் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

### காரணம்: டிரைவர்

மதுரை, தஞ்சாவூர் பக்கமிருந்து வாடகை வண்டியில் வருகிறவர்கள் டிரைவரை ஆளாகவே எண்ண மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு, குளிர் ஏறிய பிறகு, "டிரைவர் தம்பி ஹால்ல படுத்துக்கட்டுமா?" என்பார்கள். வண்டியிலேயே படுக்கச் சொல்ல மனம் வராது. மறுநாள் மலைப்பாதையில் வண்டி இறக்க வேண்டியவர் தூங்காமல் இருப்பதும் ஆபத்து. வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையில் ஒரு கட்டிலும் இரண்டு கம்பளியும் போட்டோம். அத்தோடு அந்தத் தகராறு நின்றது. உங்களிடம் இடம் இல்லையென்றால், டிரைவர் தங்கும் வசதி இல்லை என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

### காரணம்: வேறு விடுதியில் தங்கியிருக்கும் உறவினர் சாப்பிட வருகிறார்கள்

இரவு எட்டு வரை அனுமதி, அதற்கு மேல் இல்லை. முன்கூட்டிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

### காரணம்: தெரிந்தே குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்

இதற்கு அடையாளங்கள் உண்டு. பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலரில் இருந்து நாலு பேர் மட்டும் இறங்குவார்கள். வண்டிக்குள் பாயும் தலையணையும் தெரியும். பெரிய குக்கர் தெரியும். இரண்டு பேர் வந்து சாவி கேட்பார்கள், மற்றவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். ஒரே பின்கோடுக்காரர்கள், எல்லோரும் இருபது இருபத்திரண்டு வயது, ஒரே இரவு, சனிக்கிழமை என்றால் புக்கிங்கை ஏற்பதற்கு முன்னாலேயே போனில் பேசிவிடுங்கள்.

சோதிக்க: நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதில் வண்டியின் விவரத்தோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் பதிவாகும். நான் பயணத்துக்கு முந்தின நாள், "இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா? ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், வழியில் நிறுத்தினால் உதவியாக இருக்கும்" என்று கேட்பேன். புக்கிங்கில் நாலு, பாஸில் ஒன்பது என்று இருந்தால் மலை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடலாம். வத்தலக்குண்டில் இருக்கும்போது சொல்வது வேறு, நடுங்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது சொல்வது வேறு.

### சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா?

அப்படியென்றால் பேச்சை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பைகள் உள்ளே போய்விட்டால் பாதி தோற்றுவிட்டீர்கள். கண்டிப்பாக ஒருவர் சொல்வார்: "அக்கா, ஒரு நைட்டுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." நான் சட்டம் பேசுவதில்லை, தண்ணீர்க் கணக்கைச் சொல்வேன். எங்கள் சிண்டெக்ஸ் 1,000 லிட்டர். ஒன்பது பேர் காலையில் வெந்நீரில் குளித்தால் பத்து மணிக்குக் குழாயில் காற்றுதான் வரும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிக் கொட்டுகிறோம். செப்டிக் டேங்கும் ஆறு பேருக்குக் கட்டியது. இதைக் கேட்டதும் பெரியவர்கள் யாராவது இறங்கி வந்துவிடுவார்கள்.

ஆறு பேர் வரை என்றால் கூடுதல் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே எழுதி வைத்த தொகை. அதையும் செயலி வழியாகப் புக்கிங்கை மாற்றித்தான் வாங்குவேன், கையில் ரொக்கமாக அல்ல. ரொக்கம் வாங்குவது செயலியின் விதிக்கு எதிரானது என்பது ஒரு பக்கம். நாளைக்கு ஏதாவது உடைந்தால் அந்த ஆறாவது ஆள் கணக்கிலேயே இருக்க மாட்டார் என்பது இன்னொரு பக்கம். ஆறுக்கு மேல் என்றால் முடியாது. மீதி பேருக்குப் பக்கத்தில் எந்த லாட்ஜில் அறை இருக்கிறது என்று நானே போன் போட்டுக் கேட்டுத் தருவேன்.

### ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்களா?

மெசேஜ் அனுப்புங்கள்: "நாலு பேருக்குப் புக்கிங், இப்போது ஒன்பது பேர் இருக்கிறீர்கள். ஒன்பது மணிக்குள் மூன்று பேர் வேறு இடம் பார்க்க வேண்டும், இரண்டு பேருக்குப் புக்கிங்கை மாற்றலாம்." நேரம் போட்டு எழுதுங்கள். அந்த நேரம் தாண்டினால் செயலியின் உதவி எண்ணை அழைத்து, அதே மெசேஜைக் காட்டி, புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லுங்கள். நள்ளிரவுக்கு முன்பே அழைத்துவிடுங்கள். ஒரு மணிக்கு யாரையும் மலையில் வெளியே அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது.

தங்கும் பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள், புக் செய்தவருடையது மட்டும் போதாது. ஆதார் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலே போதும். வெளிநாட்டுக்காரர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை (முன்பு 'படிவம் சி' என்பார்கள்) அரசின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதை நாம் விட்டுவிட்டால் விதி மீறியது நாமாகிவிடும்.

## அறிகுறி 2: இரவு பத்து மணிக்குப் பிறகும் சத்தம்

முதலில் சோதிக்க: எங்கிருந்து வருகிறது? காட்டேஜ் வாசலில் நின்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு வேலி ஓரம் போய் நின்று கேளுங்கள். அங்கே வார்த்தை புரிந்தால் பிரச்சினை, வெறும் முணுமுணுப்பு என்றால் விட்டுவிடலாம். நாற்பது நொடி வீடியோ எடுங்கள். வேலியிலிருந்து எடுங்கள், ஜன்னலுக்குள் நீட்ட வேண்டாம்.

சத்தம் வெளியில் இருக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நகரத்தில் பேசுகிற அளவுதான் பேசுவார்கள், ஆனால் பள்ளத்தாக்கு ஓரத்தில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லாத இரவில் அது எதிர் மலை வரை போகும். "பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள், சுக்குக் காபி அனுப்புகிறேன்" என்று சொன்னால் போதும். காபிக்கு ஆகும் செலவு நியாயமான செலவு.

கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டு. கார் ஸ்பீக்கரின் 'தும் தும்' சுவரைத் தாண்டும். கதவை மூடச் சொன்னால் முடிந்தது.

பன்னிரண்டு மணிக் கேக். இது தனி வகை. பத்து மணிக்கு அமைதியாக இருப்பார்கள், நீங்களும் நம்பிப் படுத்துவிடுவீர்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும். செக்-இன் நேரத்திலேயே சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்: "யாருக்காவது பிறந்தநாளா, கல்யாண நாளா?" ஆமாம் என்றால் ஹாலுக்குள், கதவை மூடி, கால் மணி நேரம். நுரை ஸ்பிரேயும் வெடிக்கும் காகிதக் குழாயும் கூடாது. அந்த நுரை திரைச்சீலையில் காய்ந்தால் கறை, மினுமினுப்புத் தாள் சோபா இடுக்கிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும். தடுத்துப் பார்த்தேன், தடுத்தவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாக வெட்டினார்கள். அனுமதித்த பிறகு கேக்கில் எனக்கும் ஒரு துண்டு வருகிறது.

பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வெளியாட்களும் சேர்ந்திருக்கிறார்கள். இது பார்ட்டி. இங்கே இனிப்பாகப் பேசிப் பயனில்லை. படி இதுதான்:

10.05 – மெசேஜ்: "பத்து மணி ஆகிவிட்டது. ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள்."

10.20 – போன். புக் செய்தவரிடம் மட்டும் பேசுங்கள், யார் எடுத்தாலும் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

10.35 – இரண்டு பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். "அடுத்த முறை நான் வர மாட்டேன், போலீஸுக்குப் போன் செய்வேன்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். பதிலுக்கு நிற்காதீர்கள்.

10.50 – சொன்னதைச் செய்யுங்கள். 100 அல்லது 112.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். போலீஸ் வந்தால் இந்த எண்ணைக் கேட்க மாட்டார்கள், எத்தனை முறை சொன்னீர்கள் என்றுதான் கேட்பார்கள். மேலே உள்ள மெசேஜ்கள் அதற்குத்தான்.

ஏர்பிஎன்பி என்ற புக்கிங் செயலி வழியாக வந்தவர்கள் என்றால், 2022-லிருந்து பார்ட்டிகளுக்கு அங்கே நிரந்தரத் தடை இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால் உதவி சீக்கிரம் கிடைக்கும். கேமராவால் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வாசல் கேட்டில் ஒன்று வைக்கலாம், ஆனால் விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் வைக்கவே கூடாது. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பியில் அது முழுத் தடை. தடை இல்லாவிட்டாலும் அடுத்தவர் படுக்கிற இடத்தில் கேமரா வைக்கிறவர் வீட்டில் நான் தங்க மாட்டேன்.

## அறிகுறி 3: அறைக்குள்ளிருந்து கரி வாசனை, புகை

இதற்கு மெசேஜ் இல்லை, போன் இல்லை. ஓடுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் பார்பிக்யூ அடுப்பை உள்ளே இழுத்துவிடுவார்கள். குளிர் தாங்காமல் தணலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள். கொடைக்கானலிலேயே இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போயிருக்கிறார்கள். தணல் சாம்பல் பூத்து அணைந்தது போல் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கரி வாசனையாவது வந்ததே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், தலையை எண்ணுங்கள், கழிவறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகுதான் அடுப்பு. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், எழுப்பினால் எழாமை, இதில் எது இருந்தாலும் 108. குடித்திருக்கிறார்கள், அதனால்தான் இப்படி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் நம் பக்கத்தைப் பாருங்கள். கட்டிலுக்கு ஒரு கம்பளி மட்டும் கொடுத்துவிட்டு டிசம்பர் குளிரில் தணல் வைக்காதே என்றால் யார் கேட்பார்கள்? அறைக்கு ஒரு எண்ணெய் ஹீட்டர், ஆளுக்கு இரண்டு கம்பளி, படுக்கையறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். அடுப்பு நம்முடையதாகவே இருக்கட்டும். அண்ணன் மூட்டிக் கொடுப்பார், ஒன்பதரைக்குத் தண்ணீர் ஊற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சொந்த அடுப்பு கொண்டுவந்தால் அது வண்டியிலேயே இருக்கும்.

சிகரெட் வாசனை என்றால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். பால்கனியில் மண் போட்ட தொட்டி வைத்துவிடுங்கள், உள்ளே பிடிப்பது பாதியாகக் குறையும். மெத்தையில் ஓட்டை விழுந்திருந்தால் அறிகுறி 7.

## அறிகுறி 4: காலையில் குப்பை சிதறிக் கிடக்கிறது, வாசலில் காட்டுமாடு

காரணம் எப்போதும் சாப்பாடு. மீந்த பிரியாணியை வெளியில் வைத்திருப்பார்கள், அல்லது குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்திருப்பார்கள். ஒருநாள் கொடுத்தால் அந்தக் குரங்குக் கூட்டம் அடுத்த பத்து நாளும் வந்து ஓட்டைப் பிரிக்கும். விலை கொடுப்பது அடுத்து வரும் கெஸ்ட்.

ஈரக் குப்பைத் தொட்டியைக் கொக்கி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். இரவு ஒன்பதுக்கு நீங்களே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. அறையில் காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் வைத்துவிட்டால் பாட்டில் வாங்கும் தேவையே வராது.

காட்டுமாடு நிற்கும்போது செல்ஃபிக்கு இறங்குகிறார்களா? கத்தாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். ஆட்களை மெதுவாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள். அதற்குப் போகும் வழி விட்டால் போய்விடும். ஒரு மணி நேரம் ஆகியும் நகரவில்லை, அல்லது காயம்பட்டு நிற்கிறது என்றால் வனத்துறையை அழையுங்கள். நீங்களாக விரட்டுவது வேண்டாம்.

## அறிகுறி 5: கஞ்சா வாசனை, 'காளான் எங்கே கிடைக்கும்' என்ற கேள்வி

காளான் என்று அவர்கள் கேட்பது போதைக் காளானை. அந்தக் கேள்வி செக்-இன் அன்றே வரும், கேட்பவரும் ஏதோ மார்க்கெட்டுக்கு வழி கேட்பதுபோலக் கேட்பார். "இங்கே கிடையாது, இந்த வீட்டில் பயன்படுத்தவும் கூடாது" என்று மெசேஜில் பதில் போட்டுவிடுங்கள். கேர்டேக்கரிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள். அவரிடம் ஐநூறு ரூபாயை நீட்டிக் கேட்பார்கள்.

வாசனை வந்துவிட்டால் அரைகுறையாக நிற்க முடியாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, தெரிந்தே தன் இடத்தை இதற்கு விட்ட உரிமையாளருக்கும் தண்டனை என்கிறது. 'தெரிந்தே' என்பதுதான் அதில் கனமான சொல். மூக்குக்கு எட்டியது, ஆனால் எதுவும் செய்யவில்லை என்றால் நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் பையைச் சோதிக்காதீர்கள், எதையும் கையில் எடுக்காதீர்கள். ஒருமுறை மெசேஜ்: "புகை வாசனை வருகிறது. இந்த வீட்டில் அனுமதி இல்லை. உடனே நிறுத்துங்கள், தொடர்ந்தால் போலீஸில் தெரிவிப்பேன்." தொடர்ந்தால் செயலிக்கும் தெரிவித்து, காவல் நிலையத்துக்கும் போன் செய்யுங்கள். பிள்ளைகள்தானே, வாழ்க்கை கெட்டுவிடுமே என்று எனக்கும் தோன்றும். அதனால்தான் முதல் மெசேஜ். இரண்டாவது வாய்ப்பு நான் கொடுப்பதில்லை.

### இது அறிகுறியே அல்ல: கல்யாணம் ஆகாத ஜோடி

பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைத்தான் முதலில் வந்து சொல்வார்கள். 18 வயது நிறைந்த இரண்டு பேர், இருவரின் அடையாள அட்டையும் சரி, வேறு விதி எதையும் மீறவில்லை என்றால் இதில் பழுது எதுவும் இல்லை. கோவையில் ஒரு விடுதியை இதற்காகச் சீல் வைத்த வழக்கில், கல்யாணம் ஆகாதவர்கள் சேர்ந்து தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. என் அனுபவத்தில் காட்டேஜைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் ஒருவருக்கு 18 நிறையவில்லை என்று தெரிந்தால் சாவி கொடுக்காதீர்கள். பயந்தோ அழுதபடியோ இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

## அறிகுறி 6: செக்-அவுட் நேரம் தாண்டியும் கிளம்பவில்லை

எங்கள் நேரம் காலை 11.

தூங்கிவிட்டார்கள். பத்து மணிக்கு ஒரு போன். "டிபன் முடித்துவிட்டீர்களா? பதினொன்றுக்குச் சுத்தம் செய்ய ஆள் வருகிறார்" என்றால் போதும்.

இரவு பஸ், அதுவரை போக்கிடம் இல்லை. பைகளை வாங்கி எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றி வரச் சொல்வேன். செலவு இல்லை, நல்ல பெயர் மிச்சம்.

யாருக்கோ உடம்பு சரியில்லை, வண்டி பழுது. அடுத்து யாரும் வரவில்லை என்றால் மதியம் வரை விடுங்கள். வருகிறார்கள் என்றால் டாக்டரையோ மெக்கானிக்கையோ நீங்களே வரவழைத்துவிடுவது உங்களுக்குத்தான் லாபம்.

அரை நாள் இலவசமாகப் பார்க்கிறார்கள். கூடுதல் நேரக் கட்டணம் முன்பே எழுதியிருக்க வேண்டும். 11.15-க்கு மெசேஜ்: "12 மணிக்கு மேல் அரை நாள் கட்டணம்." முக்கால்வாசிப் பேர் அந்த மெசேஜ் போன நிமிடமே சூட்கேஸை உருட்டுகிற சத்தம் கேட்கும்.

போக மாட்டோம் என்கிறார்கள். எனக்கு ஆறு வருடத்தில் இரண்டு முறை. கதவருகே நின்று கத்த வேண்டாம். செயலியில் புகார், பிறகு போலீஸ், கையில் புக்கிங் நகலும் செக்-அவுட் நேரம் உள்ள மெசேஜும். ஓரிரு நாள் தங்க அனுமதி வாங்கியவர் வாடகைதாரர் ஆகிவிட மாட்டார். ஆனால் மாதக் கணக்கில் 'வீட்டிலிருந்து வேலை' என்று வருகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுக்காதீர்கள். வக்கீலை வைத்து அனுமதி ஒப்பந்தம் எழுதிக்கொண்டு கொடுங்கள். பிறகு வெளியேற்ற வழக்கு நடத்துவதைவிட வக்கீல் கட்டணம் எவ்வளவோ மலிவு.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. உங்கள் காட்டேஜுக்கு உரிமம் சரியாக இல்லையென்றால் போலீஸை அழைக்கக் கை வராது. கெஸ்ட்டுக்கும் அது தெரிந்துவிடும். நகராட்சியிலோ ஊராட்சியிலோ வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிடுங்கள். இந்தத் தாளில் உள்ள பாதி வழிகள் அது இருந்தால்தான் திறக்கும்.

## அறிகுறி 7: போய்விட்டார்கள், உடைசலும் கறையும் இருக்கிறது

முதலில்: துடைக்காதீர்கள். அண்ணன் மனைவிக்குச் சுத்தம் செய்யாமல் இருக்கச் சொல்வதுதான் இதில் கஷ்டமான வேலை. எல்லா அறையையும் ஒரே வீடியோவாக எடுங்கள், உடைந்ததை அருகிலும் தள்ளியும் படம் எடுங்கள். அடுத்த கெஸ்ட் வந்துவிட்டால் யார் உடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. செக்-இன்னுக்கு முந்திய வீடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த முறை பாடம், அடுத்த முறையிலிருந்து எடுங்கள்.

பிறகு பிரித்துப் பாருங்கள். டம்ளர், ஒரு துண்டு, கைப்பிடி தளர்ந்த கதவு எல்லாம் தேய்மானம். கேட்காதீர்கள். மஞ்சள் கறைக்குச் சோப்பு போட்டு வெயிலில் காயப் போடுங்கள், மஞ்சள் வெயிலில் தானாக வெளிறும். மருதாணி வெளிறாது, அதனால் கல்யாண சீசனில் எங்கள் தலையணை உறைகள் எல்லாம் பழுப்பு நிறம். ரிமோட் காணவில்லை என்றால் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் பிள்ளைகள் பையில்தான் இருக்கும்.

மெத்தை, டிவி, கீசர், கண்ணாடி என்றால் பணம் கேளுங்கள். நேரடியாக வந்தவர்களிடம் நான் 3,000 ரூபாய் முன்பணம் வாங்கி, போகும்போது ஜிபேயில் திருப்பிவிடுவேன். செயலி வழியாக வந்தவர்களிடம் தனியாக வாங்கக் கூடாது. ஏர்பிஎன்பியில் செக்-அவுட் ஆன 14 நாளுக்குள் சேதத்துக்கான கோரிக்கையை அனுப்ப வேண்டும். முதலில் கெஸ்ட்டிடம் போகும், அவர் தரவில்லை என்றால் நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லலாம். கடைக்காரரின் விலைப்பட்டியல், எப்போது வாங்கியது என்ற பில், படங்கள், இந்த மூன்றும் இணைத்திருந்தால்தான் நகரும். மூன்று வருடப் பழைய மெத்தைக்குப் புது மெத்தை விலை கேட்டால் எதுவும் கிடைக்காது.

சுவர் ஈரம், கீசர் கசிவு, சுவிட்ச் போர்டு கருகல் என்றால் படம் எடுத்ததும் எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ கூப்பிட்டுவிடுங்கள். கெஸ்ட் தவறா, பழைய வயரிங்கா என்று அவர் பில்லில் எழுதித் தருவதுதான் உங்கள் சாட்சி. என் காட்டேஜில் ஒரே அறையில் இரண்டு முறை போர்டு கருகியது. இரண்டு முறையும் கெஸ்ட்டைத்தான் திட்டினேன். எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது 6 ஆம்பியர் பிளக்கில் நான்தான் ஹீட்டரை மாட்டி வைத்திருந்தேன். இப்போது அங்கே 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது.

ரிவ்யூ எழுதவும் அதே 14 நாள்தான். கோபம் இருக்கும் அன்று எழுதாதீர்கள், மூன்றாம் நாள் எழுதுங்கள். கடைசியாக நான் எழுதியது இது: "நாலு பேருக்குப் புக் செய்து ஒன்பது பேர் வந்தார்கள். இரவு 12.40 வரை வெளியில் பாட்டு. இரண்டு முறை சொல்லியும் நிறுத்தவில்லை. காலையில் வீட்டைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார்கள்." கடைசி வரியையும் எழுதினேன், அது உண்மை என்பதால்.